யாருக்கும் பங்கில்லாத உத்தரம்

கூடத்தின் நடுவில் ஒரு சவுக்குக் கட்டை நின்றுகொண்டிருந்தது.

வேலம்பாளையத்தில் என் பிறந்த வீடு. மாதம் ஒரு தடவையாவது எட்டிப் பார்த்துவிட்டு வருவேன். முந்தின தடவை அந்தக் கட்டை அங்கே கிடையாது. இப்போது தரைக்கும் உத்தரத்துக்கும் நடுவே விறைப்பாக நிற்கிறது. அடியில் ஒரு பலகைத் துண்டு, உச்சியில் ஆப்பு. நடுவில் ஆணி அடித்து அண்ணனின் சட்டையை மாட்டியிருந்தார்கள்.

"இதென்னுங்கண்ணா?" என்றேன்.

"சட்டை மாட்டறதுக்கு" என்றார் அண்ணன்.

பொய் சொல்லத் தெரியாத மனுசன். நான் அண்ணாந்து பார்த்தேன். வீட்டின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும் ஓடும் பெரிய தேக்கு உத்தரம் நடுவில் தொய்ந்திருந்தது. சுவருக்குள் அது நுழைகிற இடத்தில் காரை வெடித்து, விரலை விட்டால் உள்ளே போகும். தரையெல்லாம் பொடிச் சுண்ணாம்பு. உத்தரத்துக்கு நேர் கீழே அண்ணனின் கட்டில்.

அவருக்கு எழுபது தாண்டிவிட்டது. காலமெல்லாம் நூல் மில்லில் பஞ்சைச் சுவாசித்ததில் இழுப்பு வேறு. பகலில் பாதிப் பொழுது அந்தக் கட்டிலில்தான் சாய்ந்திருப்பார்.

மேல்மாடியில் இருக்கும் தம்பியிடம் சொன்னீர்களா என்று கேட்டேன். அண்ணன் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நங்கைதான் பதில் சொன்னாள். அண்ணன் மனைவியை நாங்கள் நங்கை என்போம். அவளுக்கும் அண்ணனுக்கும் நான் அம்மிணி.

"மேல ஆருகிட்டப் போய்ச் சொல்றது அம்மிணி?"

இந்தத் தொடரில் இதுவரை பனியன் கம்பெனியையும், தைத்த துணியில் குறை பார்க்கும் என் செக்கிங் மேசையையும் பற்றியே எழுதிக்கொண்டிருந்தேன். பீஸைக் கையில் எடுத்ததும் ஓட்டை எங்கே என்று கண் தேடுகிற புத்தி எனக்கு. என் பிறந்த வீட்டு ஓட்டையைப் பற்றி எழுதத்தான் இத்தனை வாரம் கை வரவில்லை.

மேலே போனேன்

மாடிக்கு வெளியே ஒரு இரும்புப் படி. அதில் ஏறினால் தம்பி மணியின் வீடு. வீடு பாதி, தையல் யூனிட் பாதி. குழந்தைகள் டீசர்ட்டுக்கு ஜாப்வொர்க் எடுத்துத் தைத்துக் கொடுக்கிறான். ஜன்னல் ஓரமாக ஓவர்லாக், பேட்லாக் மிசின்கள். வெளிச்சம் வேண்டுமே. தைக்க வரும் பெண்கள் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். நடுவில் மிச்சமிருக்கும் இடத்தில் துணி ரோல்களை ஆள் உயரத்துக்கு அடுக்கி வைத்திருந்தான்.

அந்த ரோல்களைச் சுற்றித் தரையில் புதுச் சிமெண்ட் பளபளத்தது. என்னடா இது என்று கேட்டேன்.

நூல் கோன் கீழே விழுந்தால் உருண்டு உருண்டு நடுவில் போய் நிற்கிறதாம். மிசின் ஆட்டம் போடுகிறதாம். அதனால் சிமெண்ட் போட்டுத் தரையை மட்டம் பண்ணிவிட்டானாம். அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் ஒரு பெருமை வேறு.

தரை ஏன் இறங்கியது என்று கீழே போய்ப் பார்க்க மாட்டாயா என்றேன்.

"கீழ ஆருகிட்டப் போய்க் கேக்கறதுங்கக்கா?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் அங்கேயே கீழே கிடந்த ஒரு ரோல்மேல் உட்கார்ந்துவிட்டேன். பிறகு, உட்கார்ந்திருக்கும் இடம் எது என்று உறைத்ததும் பதறி எழுந்தேன். கூறுகெட்டவர்கள் என்றால் இவர்களைத்தான் சொல்ல வேண்டும். மேலே இருப்பவன் பள்ளத்தை மூடச் சிமெண்ட் போடுகிறான். அந்தக் கனத்துக்கு உத்தரம் இன்னும் இறங்குகிறது. கீழே இருப்பவர் சத்தமில்லாமல் ஆப்பை இன்னும் ஒரு அடி அடிக்கிறார். இருவரும் அவரவர் பக்கத்தை மட்டும் சரி செய்துகொண்டிருக்கிறார்கள். நடுவில் கிடக்கிற உத்தரத்திடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

உயரத்தில் பிரித்த பங்கு

எங்கள் அப்பா காலமான பிறகு பாகம் பிரித்தார்கள். எங்கள் பக்கத்தில் அண்ணன் பிரிக்க வேண்டும், தம்பி முதலில் எடுக்க வேண்டும். பிரிக்கிறவன் நியாயமாகப் பிரிப்பான் என்று கணக்கு. தோட்டத்தைப் பிரிப்பது சுலபமாக முடிந்தது. வீட்டு மனை குறுகல். குறுக்கே சுவர் வைத்தால் இருவருக்குமே மாட்டுக் கொட்டகை அளவுக்குத்தான் மிஞ்சும். அண்ணன் யோசித்துப் பார்த்துவிட்டு, கீழே ஒரு பங்கு, மேலே ஒரு பங்கு என்றார். வந்திருந்த பங்காளிகள் தலையை ஆட்டினார்கள். மணி மேலே எடுத்துக்கொண்டான். காற்று வரும், வெளிச்சம் வரும், மிசின் போடலாம் என்று அப்போதே அவனுக்கு ஒரு நினைப்பு.

கீழ்க்கூரை இவருக்கு, மேல்தரை அவனுக்கு. இரண்டையும் தாங்குகிற உத்தரம் யாருக்கு என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

எனக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் என்னை யார் கேட்டார்கள்? நகை போட்டுக் கட்டிக்கொடுத்தாயிற்று, பொம்பளைப் பிள்ளைக்கு அதுதான் பங்கு என்று முடித்துவிட்டார்கள். இருவர் கல்யாணத்திலும் கூடச்சேலை கட்டிக்கொண்டு மணையில் நின்று இணைச்சீர் செய்தவள் நான். அந்தச் சீரில் உடன்பிறந்தவள் இல்லாமல் மாப்பிள்ளைக்குக் கல்யாணமே கிடையாது. ஆனால் அந்த வீட்டில் ஒரு செங்கல் எனக்குச் சொந்தமில்லை. அதைப் பெரிதாக நினைத்ததில்லை என்று மற்றவர்களிடம் சொல்வேன். நினைத்திருக்கிறேன்.

பாகம் பிரித்துச் சில வருஷம் நன்றாகத்தான் போனது. மணி மிசின் போட்டதும் மேலே அதிர்ச்சி, கீழே தூசி. ஒருநாள் அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டில் காரை விழுந்தது. தட்டோடு வாசலுக்கு வந்து சத்தம் போட்டார். மணிக்கு அன்றைக்கு எந்த எரிச்சலோ, படியில் நின்றுகொண்டு பதில் பேசினான்.

"கீழ உன்னுது, மேல என்னுது. உன்ற தலைமேலதான் நடப்பேன். என்ன பண்ணுவ?"

அண்ணனை அவன் ஒருமையில் பேசியது அதுதான் முதல் தடவை. அவர் தட்டைக் கழுவி வைத்துவிட்டு உள்ளே போனார். அதற்குப் பிறகு இருவரும் பேசவில்லை. கல்யாணம், கருமாதி, தேர், பொங்கல் எல்லாம் வந்து போனது. பேசவில்லை.

தபால் நான்தான். "அவனுக்குச் சொல்லீரு அம்மிணி" என்று இவர் ஆரம்பிப்பார். "அவருகிட்டச் சொல்லீருங்கக்கா" என்று அவன் முடிப்பான். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, என் பிழைப்பு அதுதான்.

மரமா, இரும்பா

என்னோடு செக்கிங்கில் இருந்தவளின் மகள் கவிதா சிவில் படித்துவிட்டுக் கட்டட வேலை எடுத்துச் செய்கிறாள். கூட்டிக்கொண்டு வந்தேன். ஏணி போட்டு ஏறி உத்தரத்தைச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனாள். நடுவில் கணீரென்று கேட்ட சத்தம் மேற்குச் சுவரை நெருங்க நெருங்க மொத்தென்று ஆனது. மழைத் தண்ணீர் சுவரில் இறங்கி அந்த முனையை உள்ளுக்குள் மக்க வைத்திருக்கிறது.

"எத்தன நாள் தாங்கும்னு என்னால சொல்ல முடியாதுங்கம்மா. மழைக்கு முன்னால பண்ணீருங்க" என்றாள். அதுவரை நடுவில் பாரம் கூடாது, கட்டிலை நகர்த்திவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மணி அன்று சாயங்காலமே ரோல்களைச் சுவர் ஓரமாக மாற்றிவிட்டான். அண்ணன் கட்டிலை நகர்த்தவில்லை. காற்று அங்கேதான் வருகிறதாம்.

எந்த உத்தரம் போடுவதென்றாலும் கீழேயும் வேலை, மேலேயும் வேலை. இருவரும் ஒரே உத்தரத்துக்குத் தலையாட்டினால்தான் ஆகும். அதற்குள் அது இறங்கிவிட்டால் கீழே அண்ணன், மேலே தம்பியும் தைக்க வந்த பெண்களும். இது என் கண்முன்னாலேயே நின்றது. ராத்திரி படுத்தால் மேற்குச் சுவர்தான் நினைப்பு.

அண்ணன் தேக்கு என்றார். பொள்ளாச்சியில் அறுத்த மரம் கிடைக்கும், அதைத்தான் போட வேண்டும் என்றார். "மரம் சத்தம் குடுத்துட்டுத்தான் ஒடையும் அம்மிணி. இரும்பு சொல்லாது."

மணி இரும்பு ஐ பீம் என்றான். மிசின் அதிர்ச்சிக்கு மரம் நிற்காது, இனியும் மரம் போட்டால் நான் கையைக் கழுவிவிடுவேன் என்றான். இருவருமே, தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று நின்றார்கள்.

நடுவில் ஒரு தூண் கொடுத்துவிட்டால் பிரச்சினையே இல்லை என்று யாரோ சொல்ல, பஸ் ஏறித் திருமுருகன்பூண்டிக்குப் போனேன். சிற்பக் கூடத்தில் இன்னும் முகம் வராத அம்மன்களை வரிசையாகச் சாத்தியிருந்தார்கள். சாமி செதுக்கும் இடத்தில் வீட்டுத் தூணுக்கு விலை கேட்கக் கூச்சமாகத்தான் இருந்தது. கொடுக்கலாம் என்றார்கள். திரும்பி வந்து சொன்னால் நங்கை கொதித்துவிட்டாள். அவன் பாரத்துக்கு என் வீட்டு நடுக்கூடத்தில் தூணா, நாளைக்கு ஒரு பந்தி போட முடியுமா என்று கேட்டாள். அவள் கேட்டதிலும் தப்பில்லை. தூண் பூண்டியிலேயே நின்றுகொண்டது.

பிறகு ஒரு சேதி வந்தது. அண்ணன் வேலை செய்த மில்லை இடித்து, அதன் கர்டர்களை மண்ணரைப் பக்கம் ஒரு பழைய இரும்புக் கடையில் போட்டிருக்கிறார்கள் என்று. சும்மா சொல்லிவைத்தேன். அவரே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். ஆட்டோவில் போனோம். கர்டரைத் தடவிக்கொண்டே ரொம்ப நேரம் நின்றார். தூசியில் இழுப்பு வந்துவிட்டது. அப்படியும் நகரவில்லை.

"இது தாங்கும் அம்மிணி. இதுக்கு அடியில நின்னுதான் உங்களுக்கெல்லாம் சோறு போட்டேன்."

மேலே போய்ச் சொன்னேன். இரும்புதானே, எந்த மில் இரும்பாக இருந்தால் என்ன, சரி என்று மணியும் சொல்லிவிட்டான். அன்றைக்கு எனக்குக் கால் தரையில் பாவவில்லை. கடையில் பூ வாங்கி வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் கவிதா வந்து கர்டரைப் பார்த்தாள். துருவைச் சுரண்டச் சுரண்ட ஏடு ஏடாக உதிர்ந்தது. நடுத்தகடு மெலிந்துபோயிருந்தது. போல்ட் போட்டு எடுத்த ஓட்டைகள் வேறு. கைவைத்த இடமெல்லாம் அவளுக்கு ஒரு குறை தெரிந்தது.

"நான் இதுக்கு ஒத்துக்க மாட்டேனுங்கம்மா. இதுக்கடியில அவரு படுக்கறாரு" என்றாள்.

சின்னப் பெண்தான், ஆனால் பிடி கொடுக்கவில்லை. அவள் சொன்னது சரி என்று எனக்குத் தெரிந்தது. அண்ணனிடம் அதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை. சொன்னதும் அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். எங்கள் காலத்தில் ஆனதெல்லாம் ஓட்டை என்கிறார்களா என்று சுவரைப் பார்த்தே கேட்டார். எனக்கு அழுகைதான் வந்தது.

கடைசியில் வழி சொன்னதும் கவிதாதான். கூடத்துத் தரையில் சாக்பீஸால் போட்டுக் காட்டினாள். பழைய மரத்தைக் கழற்ற வேண்டாம். இரண்டு பக்கமும் புது இரும்புச் சேனல் வைத்து, மரத்தை ஊடுருவிப் போல்ட் போட்டு இறுக்கிவிடலாம். சுவரில் புதிதாகக் கான்கிரீட் திண்டு கட்டி அதன்மேல் இரும்பை உட்கார வைக்கலாம். பாரம் இரும்புக்கு. மரம் இருந்த இடத்திலேயே இருக்கும்.

அண்ணனிடம், மரம் இருக்கிறது, நீங்கள் சொன்னதுதான் நடக்கிறது என்றேன். மேலே போய், இரும்புதான் தாங்கப்போகிறது, நீ சொன்னதுதான் நடக்கிறது என்றேன். இரண்டும் பொய்யில்லையே.

மஞ்சள் துணி

ஆடி பிறப்பதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொண்டோம். மிசின்களை இறக்கிப் பக்கத்து வீட்டு வராந்தாவில் போட்டாயிற்று. மேலே உத்தரத்தின் நீளத்துக்குத் தரையை ஒரு முழ அகலத்தில் பிளந்து, மணி போட்ட சிமெண்டையெல்லாம் அள்ளிவிட்டார்கள். கீழேயிருந்து அண்ணாந்தால் அவன் வீட்டு மின்விசிறி தெரிந்தது. உத்தரத்துக்கு இருபுறமும் இரும்பு முட்டுகள். கவிதாவோடு வந்த வெல்டிங் ஆட்கள் பீகார்க்காரர்கள். மேலே ஒருத்தன், கீழே இருவர் என்று நின்று இந்தியில் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

மேஸ்திரி உள்ளூர்க்காரர். ஆரம்பிக்கும் முன் மஞ்சள் துணியில் காசு முடிந்து, குங்குமத்தோடு தட்டில் வைத்துக்கொண்டு வந்தார்.

"ஊட்டுக்காரர் ஆருங்க? வந்து உத்தரத்துல கட்டீட்டா தூக்கீரலாம்."

அண்ணன் வாசற்படியில் நின்றிருந்தார். மணி வெளிப்படியின் உச்சியில். மேஸ்திரி இவரைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். உள்ளூர்க்காரர் அல்லவா, அவருக்கு உடனே புரிந்துவிட்டது. தட்டோடு தலையைக் குனிந்துகொண்டார்.

"அம்மிணி கட்டட்டும்" என்றார் அண்ணன்.

மேலேயிருந்து மணி, "அக்காவே கட்டட்டுமுங்க" என்று மேஸ்திரியிடம் சொன்னான்.

சாரத்தில் என்னை ஏற்றிவிட்டார்கள். உத்தரத்தை அவ்வளவு பக்கத்தில் நான் பார்த்ததே இல்லை. ஒட்டடையும் சுண்ணாம்பும் அப்பி, எத்தனையோ தீபாவளிப் புகை படிந்து கறுத்துக் கிடந்தது. துணியைச் சுற்றி முடிச்சுப் போட்டேன். பங்கு என்று ஒன்றும் கொடுக்காத வீட்டில், ஊட்டுக்காரி என்று அன்றைக்கு ஒருநாள் நிற்கவைத்தார்கள். சந்தோஷமா கோபமா என்று தெரியாமல் அழுதேன். தூசி என்று சொல்லிக்கொண்டு இறங்கினேன்.

தூக்கியபோது

கவிதா எல்லோரையும் வெளியே போகச் சொன்னாள். நங்கை எதிர் வீட்டுக்குப் போனாள். அண்ணனைப் பின்கட்டு வாசலுக்கு அப்பால் நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டு, நான் அந்த வாசலிலேயே நின்றேன். மணியையும் இறங்கச் சொன்னார்கள். இறங்குகிறேன் என்று சொல்லிவிட்டு அந்தப் பிளவின் ஓரத்திலேயே குத்தவைத்திருந்தான் என்பது பிறகுதான் தெரிந்தது.

முட்டுக்கு அடியிலிருந்த ஜாக்கியைத் திருகத் திருக உத்தரம் முனகியது. சவுக்குக் கட்டையின் ஆப்பு தளர்ந்து தானாகக் கீழே விழுந்தது. ஏறுகிறது, ஏறுகிறது என்று கவிதா கையைக் காட்டினாள்.

அப்போதுதான் மேற்குச் சுவரில் படாரென்று ஒரு சத்தம். மக்கியிருந்த முனை சுவருக்குள் நொறுங்கி, காரையும் செங்கல்லுமாகப் பொலபொலவென்று கொட்டியது. கூடம் முழுக்க வெள்ளைப் புழுதி. மேலே இருந்த வெல்டிங் ஆள் இந்தியில் அலறினான்.

பின்கட்டிலிருந்து அண்ணன் ஓடி வந்தார். நடக்கவே மூச்சு வாங்குகிற மனுசன். நான் பிடிப்பதற்குள் என்னைத் தாண்டி நேராக உத்தரத்துக்கு அடியில் போய் நின்றுகொண்டு மேலே பார்த்துக் கத்தினார்.

"மணி! எறங்குடா! மேல நிக்காத, எறங்கு!"

பிளவில் அவன் முகம் தெரிந்தது.

"அண்ணா, வெளிய போங்க! அடியில நிக்காதீங்க, வெளிய போங்கண்ணா!"

"நீ மொதல்ல எறங்குடா!"

"நீங்க போங்கண்ணா!"

இருவரும் நகரவில்லை. கவிதா என்னென்னவோ கத்தினாள், நானும் கத்தினேன். எதுவும் இருவர் காதிலும் ஏறவில்லை. இவர் போகாமல் அவன் இறங்கமாட்டான், அவன் இறங்காமல் இவர் போகமாட்டார். என் பிறந்த வீடு அந்த நிமிஷம் இரண்டு பேரையும் சேர்த்து விழுங்கப்போகிறது என்றுதான் நினைத்தேன். கண்ணை மூடிக்கொண்டேன்.

விழவில்லை. முட்டுகள் தாங்கிக்கொண்டன. கொட்டியது நின்று, புழுதி மெல்ல அடங்கியது. கவிதா ஒவ்வொரு முட்டாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வந்தாள். பழைய முனைதான் பொடிந்தது, பாரம் முட்டில் நிற்கிறது, இனி பயமில்லை என்றாள்.

அண்ணன் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். தலை, புருவம், மீசையெல்லாம் வெள்ளை. கண்ணில் சுண்ணாம்பு விழுந்து இமையைத் திறக்க முடியவில்லை. கையால் கசக்கப் போனார். "கசக்காதீங்கண்ணா" என்று மேலேயிருந்து மணி சொன்னான். பிறகு ஒரு நிமிஷம் அவனைக் காணவில்லை.

திரும்பி வந்து பிளவின் ஓரத்தில் குப்புறப் படுத்தான். கட்டிங் வேஸ்ட் துணியை நீளமாக முறுக்கி, அதில் ஒரு தண்ணீர் பாட்டிலைக் கட்டி இறக்கினான். பனியன் துணி அல்லவா, பாட்டிலின் கனத்துக்கு இழுபட்டு இழுபட்டு மேலும் கீழுமாக ஆடியது. தண்ணி என்று மணி சொன்னதும் அண்ணன் கண்ணை மூடியபடியே இரண்டு கையையும் மேலே நீட்டித் துழாவினார். பாட்டில் அவர் கைக்கு அந்தண்டை ஆடிக்கொண்டிருந்தது.

பழக்கதோஷம், என் கால் ஒரு அடி எடுத்து வைத்துவிட்டது. எடுத்துக் கொடுத்தால் ஒரு நொடி வேலை. இத்தனை வருஷமும் அதைத்தானே செய்துகொண்டிருந்தேன். கவிதாகூட என்னை ஏன் நிற்கிறீர்கள் என்பது போலப் பார்த்தாள்.

நான் போகவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"எங்கடா?" என்றார் அண்ணன்.

"எடது கைப் பக்கமுங்க."

"இன்னுங் கொஞ்சம் எறக்கு."

"எறக்கறேனுங்கண்ணா."

அண்ணன் பிடித்துக்கொண்டார்.